டெசர்ட் ரெயின் (இசைத்தொகுப்பு)

டெசர்ட் ரெயின் என்பது தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓசன் என்னும் ராக் இசைக்குழு 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட நேரடி இசைத்தொகுப்பு ஆகும். அவ்வாண்டு சனவரி 1 அன்று புதுதில்லியின் மண்டி ஹவுஸ் பகுதியில் சஃப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சி நடந்தது. அங்கே இக்குழு வாசித்த இசையே இத்தொகுப்பில் உள்ளது. பெயருக்குப் 'பாலைவன மழை' என்று பொருள். குழுவின் இரண்டாவது தொகுப்பான இது, இந்திய இசைக்குழு ஒன்றின் முதல் நேரடித் தொகுப்பு என்றும் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

புகழ்பெற்ற ராக் குழுக்கள் தாம் தொடங்கி இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆனதைச் சொந்த ஊரில் கச்சேரி நடத்திக் கொண்டாடுவதும், அதைப் பதிவுசெய்து விற்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். டெசர்ட் ரெயினும் சொந்த ஊரில், ஓர் ஆண்டு நாளில் பதிவானதுதான். ஆனால் அந்த நாள் குழுவின் பிறந்தநாள் அன்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில், தொழிற்பேட்டைத் தெருவொன்றில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு உயிரிழந்த ஒரு நாடகக் கலைஞரின் நினைவுநாள் அது. இந்தப் பின்னணி தெரியாமல் இத்தொகுப்பைக் கேட்பவர்கள் நல்ல கிட்டார் இசையைக் கேட்பார்கள். ஆனால் அது ஏன் அரங்கில் அல்லாமல் தெருவில், அதுவும் கடுங்குளிர் மாதத்தின் முதல் நாளில் வாசிக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியவராது.

இசைக்குழு

கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்ரவர்த்தியும் 1980-களின் நடுவில் அறிமுகமாகிச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினர். 1990-இல் இந்தியன் ஓசன் என்ற பெயரில் குழு அமைந்தது. பெயரைச் சொன்னவர் சுஸ்மித்தின் தந்தை. 1991-இல் ராகுல் ராம் பேஸ் கிட்டார் வாசிப்பவராகச் சேர்ந்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். நாடு திரும்பியபின் நர்மதை அணைத் திட்டங்களால் இடம்பெயரும் மக்களுக்கான நர்மதா பச்சாவ் ஆந்தோலன் இயக்கத்தில் பணியாற்றினார். 1994-இல் டிரம்ஸ் வாசிக்க அமித் கிலாம் வந்தார். டெசர்ட் ரெயினில் வாசித்திருப்பவர்கள் இந்த நால்வரே.

முதல் தொகுப்பை 1993-இல் எச்.எம்.வி. நிறுவனம் குழுவின் பெயரிலேயே வெளியிட்டது. ஆனால் அடுத்த தொகுப்புக்கு வழி எளிதாக இல்லை. அக்காலத்தில் இந்திய இசைச் சந்தை ஏறத்தாழ முழுவதும் திரைப்பாடல்களின் கையில் இருந்தது. சேனல் வி, எம்டிவி ஆகிய தொலைக்காட்சிகள் வந்தபின் திரைக்கு வெளியே ஒரு பாப் இசைச் சந்தை உருவானது உண்மையே. எனினும் அதற்கும் ஓர் அளவுச் சட்டம் இருந்தது. பாடல் நான்கைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பாடகரின் முகம் திரையில் தெரிய வேண்டும். மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பல்லவி வேண்டும்.

இந்தியன் ஓசனிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவர்களது படைப்புகள் நீளமானவை. பலவற்றில் சொற்களே குறைவு. இருக்கும் குரலும் பெரும்பாலும் ஆலாபனைபோல் ஒரு கருவியாகவே பயன்பட்டது. ராக் என்றால் ஆங்கிலப் பாட்டு, உரத்த மின்கிட்டார், வெளிநாட்டுக் குழுக்களின் பாடல்களை அப்படியே வாசிப்பது என்று கல்லூரி விழாக்கள் பழக்கியிருந்த காலத்தில், தபலாவை நடுவில் வைத்து உட்கார்ந்து வாசித்த இக்குழுவை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கும் குழப்பம்தான்.

சனவரி 1

சஃப்தர் ஹாஷ்மி 1954 ஏப்ரல் 12 அன்று தில்லியில் பிறந்தவர். 1973-இல் தொடங்கப்பட்ட ஜன நாட்டிய மஞ்ச் என்னும் நாடகக் குழுவின் முதன்மையானவர்களில் ஒருவர். சுருக்கமாக 'ஜனம்' எனப்படும் இக்குழு, மேடையும் திரையும் விளக்கும் தேவைப்படாத தெருநாடகத்தை 1978-இல் கையில் எடுத்தது. முதல் தெருநாடகத்தின் பெயர் 'மெஷின்'. தில்லிக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் தேநீர் அருந்த ஓர் உணவகமும் வேண்டும் என்று கேட்ட தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட அந்நாடகம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உணவு இடைவேளையில் ஆலை வாயிலில் நடித்துவிட்டுப் போகக்கூடிய அளவு அது.

1988 நவம்பரில் தில்லி வட்டாரத் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதையொட்டி உருவான நாடகம் 'ஹல்லா போல்'. 1989 சனவரி 1 அன்று காலை இந்நாடகத்தை சாகிபாபாத் தொழிற்பேட்டையில் உள்ள ஜண்டாபூர் கிராமத்தில் ஜனம் நடித்துக்கொண்டிருந்தது. நகராட்சித் தேர்தல் நேரம் அது. இடதுசாரி வேட்பாளர் ஒருவருக்கு ஆதரவாக நாடகம் நடந்தது. எதிர்த்தரப்பினர் ஊர்வலமாக வந்தபோது தகராறு ஏற்பட்டு, குழுவினர் கம்பிகளாலும் தடிகளாலும் தாக்கப்பட்டனர். ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் பலத்த காயமடைந்த சஃப்தர் மறுநாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 34. ஆகவே சனவரி 1 என்பது அவர் இறந்த நாள் அன்று, தாக்கப்பட்ட நாள். ராம் பகதூருக்கு அது இறந்த நாளுமாகும். நினைவு நிகழ்ச்சிகளில் இரு பெயர்களும் சேர்ந்தே சொல்லப்படுவது இதனால்தான்.

தமிழ் வாசகர்கள் சாகிபாபாத்தை மனத்தில் கொண்டுவர கும்மிடிப்பூண்டியை நினைத்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சாகிபாபாத் தில்லியின் கிழக்கு எல்லையைத் தாண்டியதும் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டும் பெருநகரத்தோடு புறநகர் ரயிலால் கட்டப்பட்டவை. இரண்டிலும் பழைய கிராமங்களைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. வெளி மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அக்கிராமங்களின் சிறு அறைகளில் பலராகச் சேர்ந்து குடியிருக்கிறார்கள். சிப்காட் வாயிலில் வேலைநேரம் மாறும்போது கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தெருநாடகக் குழு ஏன் நகரத்தின் அரங்குகளை விட்டு அங்கே போனது என்பது எளிதில் விளங்கும். அந்தப் பார்வையாளர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அரங்குக்கு வருபவர்கள் அல்லர்.

சஃப்தர் இறந்த இரண்டாம் நாள், சனவரி 4 அன்று, அவருடைய மனைவி மலயஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் ஜண்டாபூருக்குத் திரும்பிச் சென்று பாதியில் நின்ற நாடகத்தை அதே இடத்தில் நடித்து முடித்தனர். அடுத்த சில வாரங்களில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் சேர்ந்து சஃப்தர் ஹாஷ்மி நினைவு அறக்கட்டளையை அமைத்தனர். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'சஹ்மத்'. இந்தியில் இச்சொல்லுக்கு 'உடன்பட்டவர்' என்று பொருள் வருவது தற்செயலன்று. ஆண்டுதோறும் சனவரி 1-இல் தில்லியில் கலைநிகழ்ச்சி நடத்துவது சஹ்மத்தின் வழக்கமாயிற்று. ஜனம் குழுவோ அதே நாளில் ஜண்டாபூருக்குப் போய் நாடகம் நடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டது.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் இந்த நிகழ்ச்சிகளின் குரல் மதவெறிக்கு எதிரானதாகக் கூர்மையடைந்தது. 1993 ஆகஸ்டில் அயோத்தியிலேயே சஹ்மத் ஓர் இரவு முழுக்க இசை, நடன நிகழ்ச்சி நடத்தியது. இந்துஸ்தானி வித்துவான்கள், சூஃபிப் பாடகர்கள், நாடகக்காரர்கள், ஓவியர்கள் என எல்லோரும் வந்து வாசித்தும் பேசியும் போகும் மேடை சஹ்மத்தினுடையது. அந்த வரிசையில் 1997-இல் ஒரு ராக் குழுவும் இடம்பெற்றது.

மண்டி ஹவுஸ்

மண்டி ஹவுஸ் என்பது இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருந்த மண்டி சமஸ்தானத்து அரசரின் தில்லி மாளிகையால் வந்த பெயர். மாளிகை இருந்த இடத்தில் இப்போது தூர்தர்ஷன் தலைமையகம் நிற்கிறது. பெயர் மட்டும் ரவுண்டானாவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தங்கிவிட்டது. தேசிய நாடகப் பள்ளி, கமானி அரங்கம், திரிவேணி கலா சங்கம், ஸ்ரீராம் சென்டர், சாகித்திய அகாதெமி முதலிய அகாதெமிகள் இயங்கும் ரவீந்திர பவன் ஆகிய அனைத்தும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. அங்கிருந்து பிரியும் சாலைகளில் ஒன்றுக்குச் சஃப்தர் ஹாஷ்மி மார்க் என்றே பெயர்.

அரங்குகள் இத்தனை இருக்கும் இடத்தில் திறந்தவெளியில் கச்சேரி நடத்துவது விசித்திரமாகத் தோன்றலாம். நினைவுகூரப்படுபவர் தெருநாடகக்காரர் என்பதை நினைத்தால் அது விசித்திரமன்று. கதவு இல்லாத இடத்தில் யாரையும் தடுக்க முடியாது. பேருந்துக்குக் காத்திருப்பவரும், தேநீர்க் கடைக்காரரும், பக்கத்து அலுவலகத்துக் காவலாளியும் அங்கே பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். இந்தியன் ஓசனுக்கும் இந்த வட்டாரம் அந்நியமில்லை. குழுவின் ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்றின் பெயர் 'கோயிங் டு ஐடிஓ'. ஐடிஓ என்பது வருமான வரி அலுவலகத்தின் பெயரால் அழைக்கப்படும் நெரிசல் மிக்க சந்திப்பு. மண்டி ஹவுஸிலிருந்து நடந்தே போய்விடலாம். காதலையோ கடலையோ விட்டுவிட்டு வரி அலுவலகச் சந்திப்புக்குப் போவதைப் பற்றி ஓர் இசைப்படைப்புக்குப் பெயர் வைக்கும் குழுவை உள்ளூர்க் குழு என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை.

தெருவில் பதிவுசெய்தல்

நேரடி இசைத்தொகுப்பு என்பது கச்சேரியின் ஒலியை மைக் வைத்துப் பிடிப்பது மட்டும் அன்று. மேடையில் ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனி மைக் அல்லது இணைப்பு இருக்கும். அவை எல்லாம் மிக்சருக்கு வந்து, அங்கிருந்து ஒலிபெருக்கிகளுக்குப் போகும். பதிவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பதிந்துகொண்டு பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அளவு பார்த்துக் கலப்பது ஒன்று. கச்சேரி நடக்கும்போதே கலந்து வலம், இடம் என இரண்டே தடங்களில் பதிந்துவிடுவது மற்றொன்று. முதலாவதற்குக் கருவிகளும் பணமும் வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரு தடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம், கூடத்தில் மறுபடியும் பாடிச் சேர்க்கவும் செய்யலாம். உலகப் புகழ்பெற்ற நேரடித் தொகுப்புகள் சிலவற்றில் அப்படிப் பின்னால் சேர்த்தது ஏராளம் உண்டு. இரண்டாவது முறை சிக்கனமானது. ஆனால் அதில் பதிந்தது பதிந்ததுதான்.

அரங்கைவிடத் தெருவில் இந்த வேலை கடினம். சுவர்கள் இல்லாததால் ஒலி திரும்பி வருவதில்லை. அரங்கில் நிறைந்து ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஒலி வெட்டவெளியில் கரைந்துவிடும். காற்று மைக்கில் மோதினால் இரைச்சலாக விழும். வண்டிகளின் ஹாரனை யாரும் நிறுத்தப்போவதில்லை.

தில்லியின் சனவரிக் குளிர் இன்னொரு தொல்லை. குளிரில் கிட்டாரின் உலோகத் தந்திகள் சுருங்கி இறுகும், சுருதி மேலே ஏறும். தபலாவின் தோலோ காற்றின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் தளர்ந்தும் இறுகியும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே திசையில் மாறுவதில்லை என்பதுதான் சிக்கல். சிறு சுத்தியலால் தபலாவின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கலாம். ஆனால் பத்து நிமிட வாசிப்பின் நடுவில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

இக்குழுவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தபலா மென்மையான கருவி. டிரம்ஸ் செட் உரத்தது. இரண்டும் ஒரே மேடையில் அருகருகே இருந்தால் டிரம்ஸின் ஒலி தபலாவின் மைக்கிலும் புகும். தபலாவைக் கேட்கச்செய்ய அதன் மைக்கை ஏற்றினால் ஒலிபெருக்கி 'கூ'வென்று ஊளையிடும். இதைக் கருவிகளால் ஓரளவுதான் தீர்க்க முடியும். மீதியை வாசிப்பவர்தான் தீர்க்க வேண்டும். டிரம்ஸ்காரர் தன் பலத்தை அடக்கி, தபலாவின் சொற்கட்டுக்கு இடையே கிடைக்கும் இடத்தில் தட்ட வேண்டும். போதாக்குறைக்கு, தபலா வாசிப்பவரே பாடவும் செய்கிறார். தபலா என்பது இரு கைகளும் தனித்தனி வேலை செய்யும் கருவி. அதை வாசித்துக்கொண்டு நீண்ட மூச்சில் பாடுவது எவ்வளவு அரிது என்பதைக் கச்சேரிகளைக் கவனித்தவர்கள் அறிவார்கள்.

இசை

தொகுப்பின் பெயரைத் தாங்கிய படைப்போடு 'வில்லேஜ் டாம்செல்', 'மெலங்கோலிக் எக்ஸ்டசி', 'பால் வீவில்', 'ஃப்ரம் தி ரூயின்ஸ்' முதலியவை இதில் உள்ளன. பால் வீவில் என்பது பருத்திக் காயைத் துளைக்கும் ஒருவகைக் கூன்வண்டு. பெயர்கள் ஆங்கிலம் என்பதைத் தவிர இவற்றில் மேற்கத்திய ராக் பாடலின் கட்டமைப்பு குறைவு.

மேற்கத்திய ராக் இசையில் கிட்டார் பெரும்பாலும் பல சுரங்களை ஒன்றாக மீட்டும் 'கார்டு'களால் பாட்டைத் தாங்கும். சுஸ்மித் சென்னின் கிட்டார் ஒற்றைச் சுரங்களாகவே நகர்கிறது. ஒரு தந்தியைச் சுருதிபோல் அதிரவிட்டு மற்றொன்றில் மெட்டை வளர்ப்பது, வேகம் கூடும்போது சிதாரின் 'ஜாலா'வை நினைவூட்டும்படி விரைந்து மீட்டுவது ஆகியவை அவரது வழி. இவை ராகம் வாசிப்பவை அல்ல. எனினும் ராகத்தைப் போலவே மெதுவாகத் தொடங்கி, ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வேகமெடுத்து முடிகின்றன. தாங்கும் பொறுப்பு முழுக்க ராகுல் ராமின் பேஸ் கிட்டாருக்கு வந்துவிடுகிறது. இத்தொகுப்பை முதன்முறை கேட்பவர் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பார்க்கலாம். மற்ற மூவரும் எங்கெல்லாம் தைரியமாக அலைகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

இவ்வகை இசைக்கு நேரடிப் பதிவே பொருந்துகிறது என்பது தற்செயலாகத் தெரியவந்த உண்மை எனலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முன்பே குறித்த வேகத்துக்கு வாசிப்பது வழக்கம். இந்தியன் ஓசனின் படைப்புகளிலோ வேகம் குறித்துவைக்கப்படுவதில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து ஏற்றுவது அது. எங்கே நீட்டுவது, எங்கே அடுத்த பகுதிக்குத் தாவுவது என்பதைக் கூட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. நிறுவனங்களுக்கு இடையூறாக இருந்த நீளமே தெருவில் பலமாயிற்று.

எனினும் வாங்கிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கைக்கு இசை கேசட்டாகவே வந்த காலம் அது. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம். நீண்ட படைப்புகள் சில வைத்தாலே பக்கம் நிறைந்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்ட தலைமுறைக்கு எந்தப் படைப்புக்குப் பின் 'டக்' என்று சத்தம் வரும் என்பதும் இசையின் ஒரு பகுதியாகவே நினைவிருக்கும்.

மற்ற ஆண்டுநிறைவுத் தொகுப்புகள்

கனடாவின் ரஷ் குழு தன் நாற்பதாண்டுப் பயணத்தைக் கொண்டாடிய சுற்றுப்பயணத்தில், 2015 சூன் 17, 19 ஆகிய நாள்களில் சொந்த ஊரான டொராண்டோவில் வாசித்ததை 'ஆர்40 லைவ்' என்று அவ்வாண்டே வெளியிட்டது. புதிய பாடல்களில் தொடங்கிப் பழையவற்றை நோக்கிப் பின்னோக்கிச் சென்ற கச்சேரி அது. லண்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2013 சூலையில் ஹைட் பார்க்கில் வாசித்ததும் தொகுப்பாக வெளிவந்தது. இவை வெற்றிவிழாக்கள். கேட்பவருக்குப் பாடல்கள் முன்பே மனப்பாடம். பழகிய பாட்டு ஊர்க்காரர்கள் நடுவில் எப்படி ஒலிக்கிறது என்பதுதான் அவற்றின் சுவை.

டெசர்ட் ரெயினுக்கு நெருங்கியது ரோலிங் ஸ்டோன்ஸின் இன்னொரு ஹைட் பார்க் கச்சேரி. 1969 சூலை 5 அன்று நடந்த அந்த இலவசக் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் இறந்துபோனார். புதிய உறுப்பினரை அறிமுகப்படுத்துவதற்காக ஏற்பாடான நிகழ்ச்சி இரங்கல் நிகழ்ச்சியாக மாறிற்று. ஆனால் அங்கே நினைவுகூரப்பட்டவர் அக்குழுவின் சொந்த மனிதர். மண்டி ஹவுஸில் வாசித்த நால்வரும் தங்கள் கணக்கில் எதையும் கொண்டாடவில்லை. எட்டாவது ஆண்டு என்பது விழா எடுக்கும் எண்ணும் அன்று. அந்த நாளை யாராவது ஆண்டுதோறும் தெருவில் நிரப்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இவர்கள் நிரப்பினார்கள்.

தமிழ்நாட்டில்

சஃப்தர் பிறந்த ஏப்ரல் 12, தெருநாடக நாளாகத் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழில் தெருநாடகத்தை நீண்டகாலமாகச் செய்துவரும் குழுக்களில் பிரளயன் நெறியாளும் சென்னைக் கலைக்குழு குறிப்பிடத்தக்கது. ராக் இசை தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கல்லூரி விழாக்களோடு நின்றிருந்தது. தெருவின் இசையும் மேடையின் மின்கிட்டாரும் அரசியல் நோக்கோடு ஒன்றுசேர்ந்ததற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடந்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி ஆகும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் கலந்தன. இந்தியன் ஓசனில் தபலாவும் டிரம்ஸும் ஒன்றுக்கொன்று இடம்விட்டதுபோல அங்கே பறையும் டிரம்ஸும் இடம்விட வேண்டியிருந்தது. ஒலிப்பொறியாளருக்கு இரண்டும் ஒரே வகைச் சிக்கல்தான்.

பின்னர்

2000-இல் டைம்ஸ் மியூசிக் வெளியிட்ட 'கந்தீசா' தொகுப்பு இந்தியன் ஓசனை நாடு முழுவதும் அறியச்செய்தது. அதன் தலைப்புப் பாடல் கேரளச் சிரியன் கிறித்தவர்களின் அரமேய மொழி வழிபாட்டுப் பாடலை அடிப்படையாகக் கொண்டது. 'மா ரேவா' நர்மதைக் கரையிலிருந்து ராகுல் ராம் கொண்டுவந்தது. 'ஹில்லே லே' கவிஞர் கோரக் பாண்டே எழுதியது. டெசர்ட் ரெயினில் சொற்கள் குறைந்திருந்த குழு இங்கே சொற்களைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவையும் ஊர்வலங்களிலும் வழிபாட்டிலும் மக்கள் கூடிப் பாடிய சொற்களாகவே இருந்தன. 'பிளாக் ஃப்ரைடே' திரைப்படத்தின் இசை அடுத்த பெரிய அடையாளம். தில்லி கரோல் பாக்கில் குழுவினர் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியையே பெயராகக் கொண்ட '16/330 கஜூர் ரோடு' 2010-இல் வந்தது. அதன் பாடல்கள் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன.

ஜண்டாபூர்த் தாக்குதல் வழக்கில் காசியாபாத் நீதிமன்றம் 2003-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தாக்குதல் நடந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. டெசர்ட் ரெயின் பதிவான 1997-இல் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பால் காலமானார். சுஸ்மித் சென் 2013-இல் குழுவை விட்டு விலகினார். 2014-இல் வெளிவந்த 'தந்தானு' தொகுப்பில் கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ், வயலின் கலைஞர் குமரேஷ் உள்ளிட்ட விருந்தினர்கள் வாசித்துள்ளனர். ராகுல் ராமும் அமித் கிலாமும் இன்றும் குழுவில் உள்ளனர். நிகில் ராவ் கிட்டாரும், துஹீன் சக்ரவர்த்தி தபலாவும் வாசிக்கின்றனர், ஹிமான்ஷு ஜோஷி பாடுகிறார். முன்பு அசீம் ஒருவரே செய்த பாட்டும் தபலாவும் இப்போது இருவரிடம் பிரிந்துள்ளன.